உத்தரவு வராத பம்ப்

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். குடிநீர் பம்ப் ஹவுஸில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்ற வீட்டுப் பெரியவர். அவரைக் கட்டிய மனைவி முதற்கொண்டு உறவில் எல்லோரும் சூப்பர்வைசர் என்றுதான் சொல்வார்கள். அடுத்து அந்த மனைவி. மனைவியின் தம்பி, தபால் ஆபீஸ் குமாஸ்தா. வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கியவர். ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்யும் மருமகள். அவள் டியூட்டி முடிந்து மதியம்தான் வந்தாள். கடைசியாக மருமகளின் அப்பா, தையல்கடைக்காரர். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு மூன்றரைக்கே வந்து நின்றவர். மகன் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தான். அவனுக்கு இதில் பங்கில்லை.

காலை ஒன்பது பத்துக்கு சூப்பர்வைசர் எஸ்பிரஸ்ஸோ மெஷினின் பொத்தானை அழுத்தினார். சத்தம் வரவில்லை. வழக்கமாக அழுத்திய மறுநொடி, பெரிய வண்டு ஒன்று டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டதுபோல ஒரு ரீங்காரம் கிளம்பும். இன்று மூன்று விளக்குகளும் ஒன்றாக மின்னின, அவ்வளவுதான். அவர் பொத்தானை அணைத்தார், முப்பது வரை எண்ணினார், மறுபடி அழுத்தினார். மூன்று விளக்குகள். கையேட்டைப் புரட்டினார். மூன்று விளக்கும் மின்னினால் சர்வீஸ் சென்டரைத் தொடர்புகொள்ளவும் என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்வீஸ் சென்டர் கிடையாது. இருந்திருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டார். இந்த வீட்டில் ஒரு பம்ப் ஓடவில்லை என்று வெளியாளைக் கூப்பிடுவதைவிட, மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடலாம்.

மெஷின் சம்பந்தி கொடுத்தது. தன் மகள் படிக்கிற காலத்தில் கடைக் காபிக்குக் கால் கடுக்க வரிசையில் நிற்பாள் என்று சொல்லிச் சொல்லி, கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம் தையல்கடைக்காரர் இதை வாங்கினார். ஒரே கடைக்கு மூன்று தரம் போய், ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, கீழே வைத்தால் அதிரும் என்று மடியில் வைத்தபடியே பஸ்ஸில் கொண்டு வந்தார். திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அன்று வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார். பிறகு கண் ஆபரேஷன், பிறகு கடையில் பள்ளிச் சீருடை சீசன், அப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. தான் கொடுத்த மெஷினில் ஒரு வாய் காபி அவர் இன்னும் குடித்ததில்லை. அதற்குத்தான் இன்று வருகிறார்.

சூப்பர்வைசர் ஆரம்பத்தில் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்தார். பக்கவாட்டில் பதினைந்து பார் அழுத்தம் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். பம்ப் ஹவுஸில் இருந்த பெரிய பம்பே ஆறு பார்தான். அதைத் தூக்கி வைக்கக் கிரேன் வந்தது. அன்றிலிருந்து மெஷின் அவர் பொறுப்பு. அவர் இல்லாமல் யாரும் பொத்தானைத் தொடக்கூடாது என்று சட்டம் வந்தது. காபி வேண்டும் என்கிறவர்கள் அவர் குளித்து, சலவைச் சட்டை போட்டு, பேனாவைப் பையில் செருகிக்கொண்டு வரும்வரை காத்திருந்தார்கள்.

அதனால்தான் இரண்டு நாளுக்கு முன்னால் வெந்நீர்க் கெட்டிலின் அடியில் வெள்ளைப் பொருக்கைப் பார்த்ததும் அவர் அதை நகத்தால் சுரண்டி எடுத்தார். உப்புத் தண்ணீர் பம்பை என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரும்பையே அரித்துக் கையில் பொடியாகக் கொடுத்திருக்கிறது. சம்பந்தி குடிக்கப் போகும் முதல் காபிக்கு இந்தக் குழாய்த் தண்ணீரா? நேராக மருந்துச் சாமான் கடைக்குப் போய், சீல் வைத்த ஐந்து லிட்டர் கேனில் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி வந்தார். ஞாயிறு காலை தண்ணீர்த் தொட்டியைக் கழற்றிக் கழுவி, வெள்ளைத் துணியால் ஒரு சொட்டு ஈரமில்லாமல் துடைத்தார். தொட்டியின் அடியில் உள்ளும் வெளியும் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு சின்ன எஃகு முளைகளைக்கூடப் பளபளவென்று துடைத்துவிட்டார். பிறகு புதுத் தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பினார். பிறகுதான் பொத்தானை அழுத்தினார்.

பத்து மணிக்கு மெஷின் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டார். நேரம், பார்த்தது, கண்டது, காரணம். பம்ப் ஹவுஸ் பதிவேட்டில் இருந்த அதே நாலு கட்டம். முதல் வரி: பிளக் பாயின்டில் மேசை விளக்கைச் செருகிப் பார்த்தது, எரிகிறது. இரண்டாவது: தொட்டி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது: குழாயில் காற்று அடைத்திருக்கிறதா. ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சு குழாய்க்குள் தண்ணீரை ஏற்றிப் பார்த்தார், காற்றில்லை. காரணம் என்ற கட்டம் காலியாகவே இறங்கிக்கொண்டு போனது.

ரேடியோ நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் முகவாயை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், ஊருக்கே தண்ணி ஏத்தினவரு. ஒரு கப்புக்கு ஏத்த முடியலையா?"

"வாயால ஏத்துறதா இருந்தா உன்னை வச்சே ஏத்தியிருப்பேன்."

"ரெண்டு தட்டு தட்டிப் பாருங்களேன். எங்க ஆபீஸ் முத்திரை மெஷின் அதுக்குத்தான் மசியும்."

"அதான் உங்க ஆபீஸ்ல தபால் அடுத்த வாரம் வருது."

மனைவி கையைத் துடைத்தபடி வந்து பார்த்தார். மேசை முழுக்கத் திருகாணிகள், ஒவ்வொன்றும் எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த வரிசையில், செய்தித்தாளின் மேல் படுத்திருந்தன.

"என்னங்க, பேசாம அடுப்புல பால வச்சுக் காபி போட்டுடறேன். அவரு மெஷினையா பாக்க வர்றாரு? பொண்ணைப் பாக்க வர்றாரு."

"மெஷினைத்தான் பாப்பாரு. கேக்க மாட்டாரு, ஆனா பாப்பாரு. குடுத்த பொருளை எப்படி வச்சிருக்கோம்னு பாத்தாலே, பொண்ணை எப்படி வச்சிருக்கோம்னு தெரிஞ்சிடும்."

மனைவி சமையலறைக்குத் திரும்பிப் போனார். முப்பத்தெட்டு வருடத்தில் கணவர் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்தால் அதற்கு மேல் பேச இடமிருக்காது என்று தெரியும்.

பதினொன்றரைக்குப் பின்மூடி திறந்தது. உள்ளே பம்ப் இரண்டு கட்டைவிரலைச் சேர்த்து வைத்த அளவுதான் இருந்தது. இதுவா பதினைந்து பார் தள்ளுகிறது என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டரின் முனைகளை வைத்தார். உள்ளே சுற்றிய கம்பி அறுந்திருக்கவில்லை. பக்கத்தில் சூடு ஏறினால் உருகும் ஃபியூஸ் இருந்தது. அதுவும் நன்றாக இருந்தது. மறுபடி மின்சாரம் கொடுத்து, பொத்தானை அழுத்திவிட்டு, பம்புக்கு வரும் கம்பிகளில் மீட்டரை வைத்தார். பூஜ்யம். அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பம்பின் கம்பிகளைத் தனியாகப் பிரித்து, தானே கட்டிய ஒயரால் ஒரு நொடி, ஒரே நொடி, நேராக மின்சாரம் காட்டினார். கர்ர் என்றது. ரேடியோவின் முகவாய் நாற்காலியை விட்டு எழும்பியது.

"ஓடுதே!"

"பம்ப் ஓடும். பம்ப்புக்கு உத்தரவு வரல." தாளில் அதையே எழுதினார். பம்ப் நலம். உத்தரவு இல்லை.

இனி விஷயம் அவருக்குத் தெரிந்த வீதிக்குள் வந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்கினால் பம்ப் வெறும் காற்றை இழுத்துக் கருகிவிடாமல் இருக்க, மேலே ஒரு தடை தானாக விழும். அப்போது எந்த ராஜா வந்து பொத்தானை அழுத்தினாலும் பம்ப் அசையாது. இந்தச் சின்ன மெஷினும் அப்படித்தான் ஏதோ ஒன்றை நினைத்துத் தடுக்கிறது. ஆனால் எதை? தொட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கழுத்துவரை தண்ணீர். அவர் வாழ்நாளில் பார்த்த தண்ணீரிலேயே சுத்தமான தண்ணீர். அந்தப் பக்கம் ரேடியோவின் சட்டைக் கட்டம் நெளியாமல் தெரிந்தது.

மருமகள் ஒரு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றி, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் துடைத்தபடியே மேசையருகே வந்தாள். காலண்டர் தாளை மேலிருந்து கீழே படித்தாள். அப்படி வரிசையாகப் படிப்பவர்களை சூப்பர்வைசருக்குப் பிடிக்கும். அதை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

"தண்ணி எது மாமா?"

கேனைக் காட்டினார். அவள் அதைத் தூக்கி, லேபிளைப் படித்தாள்.

"இதை மட்டுமா ஊத்தினீங்க?"

"ஒரு சொட்டு குழாத் தண்ணி கலக்கல." அதைச் சொல்லும்போது அந்தக் காலையில் முதல்முறையாக அவர் குரலில் பழைய மிடுக்கு வந்தது.

அவள் கேனைக் கீழே வைத்தாள். தொட்டியைத் தூக்கிப் பிடித்து அடியில் இருந்த முளைகளைப் பார்த்தாள்.

"மாமா, இந்த ரெண்டும்..."

"அது தொட்டி ஆடாம இருக்க வச்ச முளை."

"லேப்ல இந்தத் தண்ணி வந்தா நாங்க ஒரு மீட்டரை உள்ள விட்டுப் பாப்போம் மாமா. கரண்ட் போச்சுன்னா தண்ணி சுத்தமில்லன்னு திருப்பி அனுப்பிடுவோம். நல்ல சுத்தமா இருந்தா கரண்ட் போகாது. இந்த ரெண்டு கம்பிக்கும் நடுவுல தண்ணி வழியா கரண்ட் போனாத்தான் மெஷினுக்குத் தொட்டியில தண்ணி இருக்குறது தெரியும்னு நினைக்கறேன். இப்ப அதுக்குத் தொட்டி காலி."

"தண்ணியில கரண்ட் போகாதா? ஈரக் கையோட சுவிட்ச்சத் தொடாதேன்னு நாலு இடத்துல போர்டு எழுதி மாட்டினவன் நான். அதெல்லாம் பொய்யா?"

"அது குழாத் தண்ணி மாமா. அதுல உப்பு இருக்கு. உப்புலதான் போகும்."

ரேடியோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சூப்பர்வைசர் மீட்டரின் ஒயரைச் சுற்றிச் சுற்றி மடித்தார்.

"நீ போய்ச் சாப்பிடும்மா."

அவள் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகவில்லை, தட்டு எடுக்கும் சத்தம், அத்தையோடு பேசும் சத்தம் எல்லாம் வழக்கம்போலவே கேட்டன. அவருக்கு அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. அவள் முதல் வாக்கியத்தைச் சொல்லி முடித்தபோதே அவருக்கு உள்ளே ஏதோ சரியாகப் பொருந்தி உட்கார்ந்துவிட்டது. கிணறு வற்றிவிட்டது என்று மெஷின் நினைக்கிறது. அதன் கண்ணில் படாத அளவுக்குச் சுத்தமான தண்ணீரை அவரே தேடிப் பிடித்துக் கொண்டு வந்து ஊற்றியிருக்கிறார். ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரை அதில் கலந்து பார்த்தால் பத்து நொடியில் தெரிந்துவிடும். அந்த டம்ளரை எடுக்கத்தான் கை போகவில்லை. ஓடாவிட்டால் பரவாயில்லை. ஓடிவிட்டால்? முப்பத்தாறு வருடப் பம்ப்காரன், மருமகள் வந்து நின்ற ஐந்தாவது நிமிடத்தில். அதுவும் ரேடியோவின் முன்னால். அவர் பார்த்ததையே பார்த்தார். பிளக், ஃபியூஸ், கம்பி. தாளில் புதிதாக எதுவும் ஏறவில்லை. இரண்டரை மணி நேரம் அப்படியே போயிற்று.

மூன்றரைக்கு அழைப்புமணி அடித்தது. தையல்கடைக்காரர் ஒரு பழப்பையோடு உள்ளே வந்தார். மகளைப் பார்த்துச் சிரித்தார், எல்லோரையும் விசாரித்தார், பிறகு மேசையைப் பார்த்தார். தன் மடியில் வைத்துக் கொண்டுவந்த மெஷின், முதுகு திறந்து, குடல் வெளியே தெரியக் கிடந்தது. அவர் முகம் போன போக்கை சூப்பர்வைசர் கண்ணெடுக்காமல் பார்த்தார். அதில் குறை சொல்லும் தோரணை கொஞ்சமும் இல்லை. வெட்கம்தான் இருந்தது.

"தகராறு பண்ணுதா சம்பந்தி? கடைக்காரர் அப்பவே சொன்னாரு, இதுக்கு மேல ஒரு மாடல் இருக்கு, அதை எடுங்கன்னு. நான்தான் இதுவே போதும்னு எடுத்துட்டேன். என் தப்பு."

"உங்க தப்பு என்ன இருக்கு?" என்றார் ரேடியோ. "இப்ப வர்ற சரக்கே அப்படித்தான். கம்பெனிக்காரன் தப்பு."

"எட்டு மாசம் உழைச்சதே பெரிசு அண்ணே," என்றார் மனைவி. "நீங்க உக்காருங்க, அடுப்புல காபி போட்டுக் கொண்டு வர்றேன்."

ஆளுக்கொரு கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். அவர் எந்த வழியாகவும் தலை குனியாமல் வெளியே போயிருக்கலாம். மருமகள் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, சமையலறை வாசலில் போய் நின்றாள். மாமனாரைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும் என்பதுபோலவும் நிற்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, அப்பா தன் தப்பு என்று சொன்னதை விழுங்கிக்கொண்டு நின்றாள். இன்று மட்டுமல்ல, இந்த வீட்டில் இருக்கும்வரை இவள் தண்ணீர் விஷயத்தைச் சொல்லப்போவதில்லை என்று அவருக்குப் புரிந்தது. அவள் அப்பா கொடுத்தது ஓட்டை மெஷின் என்று இந்த வீட்டில் பேச்சு நிலைத்துவிடும். அதைக் கேட்டுக்கொண்டே அவள் பாத்திரம் கழுவுவாள்.

பம்ப் ஹவுஸில் ஒருமுறை புது ஆபரேட்டர் ஒருவன் வால்வைத் திறக்காமல் பம்பை ஓட்டிவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் பம்ப் கோளாறு என்று எழுதி வைத்தான். சூப்பர்வைசர் அவனை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டு, அதை அடித்துவிட்டு இயக்குபவர் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போடவைத்தார். "அதுக்கு வாய் கிடையாது. அது மேல பழி போடாதே," என்று அன்று சொன்னார்.

அவர் எழுந்து நின்றார். எழுந்தபோது முதுகு வழக்கத்தைவிட நேராக இருந்தது.

"சம்பந்தி, நீங்க எடுத்தது நல்ல மெஷின். அதுல ஒரு குத்தமும் இல்ல. தப்பு பண்ணது நான்."

"அத்தான், எதுக்கு இப்ப..."

"நீ சும்மா இரு. தண்ணியை மாத்தினது நான். ரொம்பச் சுத்தமான தண்ணியா ஊத்திட்டேன், மெஷினுக்கு அது தண்ணியாவே தெரியல. உங்க பொண்ணு ஒரு மணிக்கே கண்டுபிடிச்சுச் சொல்லிட்டா. நான்தான் காதுல போட்டுக்கல."

பேனாவை எடுத்தார். காலண்டர் தாளில் காரணம் என்ற கட்டத்தில், நிதானமாக, இயக்குபவர் தவறு என்று எழுதினார். அதன் கீழே, கண்டுபிடித்தவர் மருமகள், மதியம் ஒன்று பத்து. அதன் கீழே கையெழுத்து.

"இன்னும் ஓட்டியே பாக்கலையே. அதுக்குள்ள கையெழுத்தா?" என்றார் ரேடியோ.

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மூடி போடாமல் எந்த மெஷினையும் ஓட்டுவது அவருக்குப் பழக்கமில்லை. கம்பிகளைப் பழைய இடத்தில் சேர்த்து, மூடியை வைத்து, ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினார். கடைசித் திருகாணி, எள்ளளவு இருப்பது, மூலைக்குள் போகாமல் நழுவிக்கொண்டே இருந்தது. தையல்கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இப்படிக் குடுங்க சம்பந்தி," என்று வாங்கி, பார்க்கக்கூட இல்லை, விரல் நுனியால் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து உட்கார வைத்தார். நாற்பது வருடம் ஊசியில் நூல் கோத்த விரல். சூப்பர்வைசர் முடுக்கினார்.

தொட்டியிலிருந்த தண்ணீர் முழுவதும் நேராகத் தரை துடைக்கும் வாளிக்குப் போனது. அவர் வெறும் தொட்டியை மருமகளிடம் நீட்டினார்.

"நீயே ஊத்தும்மா."

அவள் குழாயில் பிடித்து வந்து பொருத்தினாள். அவர் பொத்தானை அழுத்தினார். மூன்று விளக்குகளும் ஒருமுறை மின்னின. இரண்டு நொடி எதுவுமில்லை. அந்த இரண்டு நொடியும் அவர் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தபடி நின்றார், கண்ணைத் தாழ்த்தவில்லை. பிறகு விளக்குகள் நிலையாக எரிந்தன, பம்ப் ரீங்காரமிட்டது, மூக்கு வழியாகக் கருப்பாக, மெல்லிய நூலாகக் காபி இறங்கியது.

தையல்கடைக்காரர் கப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது.

"என்னப்பா?" என்றாள் மகள்.

"இதுக்காம்மா அவ்வளவு நேரம் வரிசையில நின்ன?"

மனைவிதான் முதலில் சிரித்தார். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை, மெஷினின் பக்கவாட்டில் விழுந்திருந்த ஒரு சொட்டைத் துணியால் துடைத்தார். தையல்கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்தார். குடித்துவிட்டு, "பரவாயில்ல, இன்னொண்ணு குடுங்க," என்று கப்பை நீட்டினார்.

இதற்குப் பிறகு உறவில் ஒரு பேச்சு கிளம்பி, இன்னமும் ஓயவில்லை. மெஷின் உண்மையிலேயே பழுதாகத்தான் இருந்தது, சம்பந்தியின் மனம் நோகக்கூடாது என்று சூப்பர்வைசர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், அது எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை என்று சொல்கிறார்கள். வீட்டுக்கு வருகிற யாராவது காபியை வாங்கிக்கொண்டே அப்படி ஆரம்பித்தால், அவர் கையை நீட்டி அந்தக் கப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். ஆவி பறக்கிற கப்பைத் தன் கையிலேயே பிடித்தபடி, வந்தவரின் கண்ணைப் பார்த்து, பதிவேட்டில் எழுதுவதுபோலச் சொல்கிறார்.

"மெஷின் கெட்டுப் போகல. நான் ஊத்தின தண்ணிதான் தப்பு. இப்ப குடிங்க."